பதினைந்து புள்ளிப் பின்னடைவும் பாதி உலர்ந்த துணியும்

2005 மார்ச் 26 அன்று மாலை, இல்லினாய் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி அரிசோனாவுக்கு எதிராகக் கடைசி நான்கு நிமிடங்களில் 15 புள்ளிப் பின்னடைவைத் துடைத்தெறிந்தது. அந்த ஆட்டத்தை, பல்கலைக்கழக ஊரான அர்பானாவில் நாங்கள் நால்வர் சேர்ந்து குடியிருந்த வீட்டின் கம்பளத் தரையில் உட்கார்ந்து, ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்காமல் பார்த்ததாகப் பதினைந்து ஆண்டுகள் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். ஜாக் இங்கிரம் கையை நீட்டி எதிரணியின் பாஸைத் தட்டிவிட்டது, பந்து டெரன் வில்லியம்ஸின் கைக்கு வந்தது, அவர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து ஆட்டத்தை 80-80 எனச் சமன் செய்தது, அறையில் இருந்த ஒருவன் குதித்ததில் தேநீர்க் கோப்பை கவிழ்ந்தது என அத்தனையும் படம் பிடித்ததுபோல் என் மனத்தில் இருந்தது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் அமெரிக்கக் கல்லூரி அணிகள் பட்டத்துக்காக மோதும் என்சிஏஏ தொடர் அந்த ஆண்டு முழுவதுமாக ரத்தானபோது, ஆட்டமில்லாத மார்ச் மாதத்தைக் கடத்த வழி தெரியாமல், பழைய அறைத்தோழர்கள் நால்வரும் நான்கு ஊர்களிலிருந்து காணொளி அழைப்பில் கூடி அந்த அரிசோனா ஆட்டத்தை மறுபடியும் பார்த்தோம். கடைசி நான்கு நிமிடம் தொடங்கும் இடத்தில் நான் வழக்கம்போலக் கதை சொல்லத் தொடங்கியதும், நாங்கள் மதுரைக்காரன் என்றே அழைக்கும் நண்பன் குறுக்கிட்டான். "டேய், நீ எங்கடா பார்த்தே? நீதான் துணி எடுக்கக் கீழே போயிட்டியே!"

முதலில் மறுத்தேன். பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அந்தக் கட்டடத்தின் நிலவறையில் காசு போட்டால் ஓடும் துவைக்கும் இயந்திரங்கள் இருந்தன. சனிக்கிழமை மாலையில் அவற்றுக்கு எப்போதும் அடிதடியாக இருக்கும். அன்று கட்டடமே தொலைக்காட்சி முன்னால் இருந்ததால் எல்லா இயந்திரமும் காலி. 75-60 எனப் பின்தங்கி, கடிகாரத்தில் நான்கு நிமிடம் நான்கு நொடி மிச்சமிருந்தபோது, தோற்பதைப் பார்ப்பதைவிடத் துணியை எடுத்துவிட்டு வரலாம் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். உலர்த்தியிலிருந்த துணி இன்னும் ஈரமாகவே இருந்ததால், இருபத்தைந்து சென்ட் நாணயங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தபோது மேலே கூரை அதிர்ந்தது. இரண்டாவது முறை அதிர்ந்தபோது ஏதோ நடக்கிறது என்று தோன்றியது. மூன்றாவது சத்தத்தில் பாதி உலர்ந்த துணியை அப்படியே விட்டுவிட்டுப் படிகளில் ஓடினேன். கதவைத் திறந்தபோது திரையில் 80-80. நான் கண்ணால் கண்டது அதன்பின் வந்த ஐந்து நிமிடக் கூடுதல் நேரத்தை மட்டுமே. மற்றவையெல்லாம் மறுநாளிலிருந்து நூறு முறை பார்த்த மறுஒளிபரப்புத் துணுக்குகள் எனக்குத் தெரியாமலே என் நினைவில் குடியேறியவை.

அந்த அணியின் மீது எனக்குள்ள பற்று இதனால் குறையவில்லை. ஆனால் பழைய பெருமையைப் பேசுவதில் எனக்கிருந்த அசட்டுத் துணிச்சல் போய்விட்டது. அதன்பிறகு 2004-05 பருவத்தின் ஆட்டங்களில் கிடைத்தவற்றை ஒவ்வொன்றாக முழுமையாகப் பார்த்து, என் நினைவையும் பதிவையும் எதிரெதிரே வைத்துச் சரிபார்க்கத் தொடங்கினேன். பழைய அணி ஒன்றை நெஞ்சில் சுமந்துகொண்டிருக்கும் எவருக்கும் பயன்படக்கூடிய சில விஷயங்கள் அதில் எனக்குப் பிடிபட்டன.

நான் அந்த அணிக்கு ரசிகனானதே தற்செயல்தான். 2003 ஆகஸ்டில் முதுகலைப் படிப்புக்காக வந்தபோது எனக்குத் தெரிந்த விளையாட்டு கிரிக்கெட் ஒன்றே. அணியின் பெயரை இல்லைனை என்று உச்சரிக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு ஆண்டு மூத்தவரான ஒரு தமிழ் அண்ணன் இருந்தார். "தம்பி, இந்த ஊர்ல நவம்பர்லேருந்து மார்ச் வரைக்கும் வெளியே போக முடியாது. ஒண்ணு ஆராய்ச்சி பண்ணணும், இல்லே பாஸ்கெட்பால் பார்க்கணும். ரெண்டையும் பண்ணா பைத்தியம் பிடிக்காது" என்றார். சுற்றிலும் சோளமும் சோயாவும் விளையும் வயல்கள். அறுவடை முடிந்த பின் தொடுவானம்வரை மொட்டைத் தரை. அதன் மேல் வீசும் காற்றைத் தடுக்க ஒரு மேடுகூடக் கிடையாது. அவர் சொன்னது சரிதான் என்று டிசம்பரிலேயே தெரிந்துவிட்டது.

அந்த முதல் பருவத்தில் அணியே ஒரு பழைய நினைவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் பில் செல்ஃப் கேன்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட, அவருடைய இடத்துக்கு 2003-இல் தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து புரூஸ் வெபர் வந்திருந்தார். முக்கிய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் செல்ஃப் தேர்ந்தெடுத்தவர்கள். எதற்கெடுத்தாலும் "அவர் இருந்தபோது" என்ற பேச்சு வந்துகொண்டே இருந்தது. ஒருநாள் வெபர் கறுப்பு உடையில் வந்து, இது பில் செல்ஃபுக்கான இறுதிச் சடங்கு, இத்தோடு அந்தக் காலம் முடிந்தது என்று ஆட்டக்காரர்களிடம் அறிவித்தார். அப்போது அதை வெறும் வேடிக்கையாக நினைத்தேன். ஒரு நல்ல காலம் அடுத்து வரும் நல்ல காலத்தின் வழியில் எப்படிக் குறுக்கே நிற்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என இப்போது தோன்றுகிறது.

2004-05 அந்தப் பல்கலைக்கழகக் கூடைப்பந்தின் நூறாவது பருவம். நவம்பரில் கொன்சாகா பல்கலைக்கழகத்தை 89-72 என்ற கணக்கிலும், டிசம்பர் 1 அன்று சொந்த அரங்கில் அப்போது நாட்டின் முதலிடத்தில் இருந்த வேக் ஃபாரஸ்டை 91-73 என்ற கணக்கிலும் வென்றார்கள். அந்த வேக் ஃபாரஸ்டின் பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்துபவர், கிறிஸ் பால் என்பதைச் சொன்னால் இன்றைய இளைஞர்கள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள். அடுத்த தரவரிசையில் முதலிடத்துக்கு வந்த இல்லைனை, பருவத்தின் இறுதிவரை அங்கிருந்து இறங்கவில்லை. சில மாதங்கள் கழித்து, தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏ புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில் டெரன் வில்லியம்ஸ் மூன்றாவதாகவும் கிறிஸ் பால் நான்காவதாகவும் எடுக்கப்பட்டார்கள்.

அந்தப் பருவத்தில் அரங்குக்குள் சென்று நான் பார்த்தது ஒரே ஒரு ஆட்டம். ஜனவரி 20, அயோவாவுக்கு எதிரானது. அண்ணனுக்கு மறுநாள் ஆய்வேட்டுக் குழுவின் முன் தேர்வு இருந்ததால் அவருடைய சீட்டு என்னிடம் வந்தது. அசெம்ப்ளி ஹால் என்று அன்று அழைக்கப்பட்ட அந்த அரங்கு, அதே பல்கலைக்கழகத்தில் படித்த மேக்ஸ் ஆப்ரமோவிட்ஸ் வடிவமைத்து 1963-இல் திறக்கப்பட்டது. 400 அடி விட்டமுள்ள கான்கிரீட் கவிகை. நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கும். உள்ளே ஏ, பி, சி என்று மூன்று அடுக்குகள். என் இருக்கை சி அடுக்கில், படி செங்குத்தாக ஏறி மூச்சு வாங்கிய பிறகு கூரைக்கு அருகில். ஆனால் அந்த உயரத்தில்தான் ஒரு வசதி இருந்தது: பத்து ஆட்டக்காரர்களும் சதுரங்கக் காய்கள்போல் ஒரே பார்வையில் தெரிந்தார்கள். தரைக்கு அருகில் ஆரஞ்சுச் சட்டை அணிந்த மாணவர் கூட்டம் ஆரஞ்சு கிரஷ். அறப்பணிகளுக்கு நன்கொடை திரட்டும் மாணவர்களுக்கே அங்கே இடம். அரங்கின் ஒரு பக்கம் "ஐ-எல்-எல்" என்று முழங்க, எதிர்ப்பக்கம் "ஐ-என்-ஐ" என்று பதில் வரும். கான்கிரீட்டில் பட்டுத் திரும்பும் அந்த ஒலி நெஞ்செலும்பில் கேட்கும்.

எனக்கு அடுத்த இருக்கையில் அறுபது வயதைத் தாண்டிய விவசாயி ஒருவர் இருந்தார். ஆட்டம் இழுபறியாகக் கூடுதல் நேரத்துக்குப் போய் 73-68 என்று முடிந்தபோது, நான் ஆனந்தத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் புன்னகைத்துவிட்டு, நல்ல அணிதான், ஆனால் நீ 89-ஐப் பார்க்கவில்லையே என்றார். கென்னி பேட்டில், நிக் ஆண்டர்சன், கெண்டால் கில் ஆடிய, லூ ஹென்சன் பயிற்றுவித்த அந்த அணி, சியாட்டிலில் நடந்த இறுதி நால்வர் சுற்றில் மிச்சிகனிடம் 83-81 என்று தோற்றது. அதே பருவத்தில் மிச்சிகனை இரண்டு முறை வென்றிருந்த அணி அது. அவர் அந்தத் தோல்வியை நேற்று நடந்ததுபோல் விவரித்தார். உயிரைக் கொடுத்து ஆடும் அணி கண்ணெதிரே இருக்கும்போது பதினாறு ஆண்டுப் பழங்கதை எதற்கு என்று எனக்கு உள்ளூர எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த இருக்கையில் நான் உட்கார்ந்திருக்கிறேன்; பக்கத்தில் இருக்கும் பையனுக்கு அதே எரிச்சல் வருவது முகத்தில் தெரிகிறது.

அந்தச் சீட்டின் கிழிந்த பாதியை ஒரு பாடப்புத்தகத்தில் செருகி வைத்திருந்தேன். பத்து ஆண்டுகளில் அச்சு முழுவதும் வெளிறி, தேதிகூடத் தெரியாத வெற்று அட்டையாகிவிட்டது. நான் அன்று இருந்ததற்கு இப்போது எஞ்சியிருக்கும் ஒரே சான்று, அன்றிரவு அப்பாவுக்கு எழுதிய மின்னஞ்சல். "இங்கே கூட்டம் தேர்த் திருவிழாபோல் இருக்கிறது, ஆனால் தேர் மட்டும் மிக வேகமாக ஓடுகிறது" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் கொடுத்த வேர்க்கடலையைப் பற்றியும் இருக்கிறது. அந்த வேர்க்கடலை என் நினைவிலிருந்து சுத்தமாக அழிந்துவிட்டிருந்தது. ஆகவே, உங்கள் அணி நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் காலத்தில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: அன்றிரவே, தூங்குமுன், நான்கு வரி எழுதிவையுங்கள். ஆட்டத்தின் கணக்கை எழுத வேண்டாம், அது எங்கேயும் கிடைக்கும். எங்கே இருந்தீர்கள், யாருடன் இருந்தீர்கள், எப்போது எழுந்து போனீர்கள் என்று எழுதுங்கள். சீட்டு வைத்திருந்தால் அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

முழு ஆட்டங்களை மீண்டும் பார்த்தபோது எனக்குக் கிடைத்த பெரிய ஆச்சரியம் வேறு. துணுக்குகளாகவே பார்த்துப் பழகியதால், அந்த அணி என்றாலே ஆரஞ்சுத் தலைப்பட்டையுடன் டீ பிரவுன் மின்னலாகப் பாய்வதும், டெரன் வில்லியம்ஸ் தொலைவிலிருந்து எறிவதுமே என் மனத்தில் இருந்தது. உண்மையில் அந்த அணியின் உயிர் பந்து போடுபவரிடம் இல்லை, போடாமல் கொடுத்தவரிடம் இருந்தது. வெபர் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜீன் கீடியிடம் பல ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராக இருந்து கற்ற அசைவுத் தாக்குதல் முறை அது. யாரும் ஓரிடத்தில் நிற்பதில்லை. பாஸ் கொடுத்தவர் உடனே வெட்டி ஓடுவார். பந்து கையில் இல்லாதவர், எதிராளியின் வழியை மறித்து நின்று மற்றவருக்காகத் திரை அமைப்பார். நல்ல வாய்ப்புக் கிடைத்தாலும் அதைவிட நல்ல வாய்ப்பு உள்ளவருக்கு இன்னொரு பாஸ் போகும். டீ பிரவுன், டெரன் வில்லியம்ஸ், லூதர் ஹெட் மூவருமே பந்தைக் கொண்டுசெல்லத் தெரிந்தவர்கள் என்பதால் எதிரணிக்கு யாரைப் பூட்டுவது என்று தெரியாது. அவர்களோடு ரோஜர் பவல், ஜேம்ஸ் அகஸ்டின் ஆகியோரையும் சேர்த்துத் தொடக்க ஐவரும் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்துப் புள்ளிக்கு மேல் எடுத்தார்கள். இன்றைக்கும் யாராவது அந்த அணியில் யார் நட்சத்திரம் என்று கேட்டால் ரசிகர்கள் நான்கு பெயர் சொல்வார்கள்.

பழைய ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது என்பதிலும் ஒரு பழக்கம் எனக்குக் கைகொடுத்தது. முதல் முறை ஒலியை அடைத்துவிட்டுப் பார்க்கிறேன், ஏனெனில் வர்ணனையாளரின் குரல் எங்கே உணர்ச்சிவசப்பட வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுகிறது. இரண்டாம் முறை பந்தைப் பார்க்காமல் ஒரே ஒரு ஆட்டக்காரரைப் பின்தொடர்கிறேன். இப்படி அகஸ்டினை ஒரு முழுப் பாதிநேரம் பின்தொடர்ந்தேன். அவர் பந்தைத் தொட்ட நேரம் சொற்பம். ஆனால் திரை அமைத்துவிட்டு, ஒரு கணம் தோளைத் தாழ்த்தி, பந்து அடுத்த பக்கம் போவதற்கு முன்பே அங்கே ஓடிப்போய் நின்றுகொண்டிருப்பார். 2005-இல் நூறு மணி நேரம் அந்த அணியைப் பார்த்தவன் நான். இதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

தோல்விகளையும் பார்க்க வேண்டும். இதைப் பல ரசிகர்கள் ஏற்க மாட்டார்கள், எனக்கும் மனம் வரவில்லை. அந்த அணி 29 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றபின் மார்ச் 6 அன்று, வழக்கமான பருவத்தின் கடைசி ஆட்டத்தில், ஓஹையோ ஸ்டேட்டிடம் 65-64 என்று தோற்றது. மேட் சில்வெஸ்டர் ஐந்து நொடி மிச்சமிருக்கும்போது மூன்று புள்ளி எறிந்தார். அது அதிர்ஷ்டம், கண்ணை மூடிக்கொண்டு எறிந்தது என்றே நான் சொல்லிவந்தேன். மறுபடியும் பார்த்தால், அந்த மனிதர் அன்று ஆட்டம் முழுவதும் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். மொத்தம் 25 புள்ளிகள். நாங்கள்தான் அவரை விட்டுவிட்டோம். அடுத்த வாரம் சிகாகோவில் எங்கள் வட்டாரப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான பிக் டென்னின் தொடர் நடந்தபோது, மார்ச் 11 அன்று வெபரின் தாயார் காலமானார். வெபர் அணியை விட்டுப் போகவில்லை, அணி அந்தத் தொடரை வென்றது. நாங்கள் அந்த வார இறுதியில் வெற்றிக் களிப்பில் இருந்தபோது இந்தச் செய்தியை ஒரு வரியாகக் கடந்துபோனது இப்போது உறுத்துகிறது.

செயின்ட் லூயிஸில் ஏப்ரல் 4 அன்று நடந்த இறுதி ஆட்டத்தை நான் பதினைந்து ஆண்டுகள் மறுபடியும் பார்க்கவே இல்லை. வட கரோலினா 75, இல்லினாய் 70. பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வரலாற்றில் அதுவரை என்சிஏஏ பட்டம் கிட்டியதில்லை, அன்றும் கிட்டவில்லை. நடுவர்கள் அகஸ்டின் மீது ஃபவுல் மேல் ஃபவுல் சொல்லி எங்களை முடித்துவிட்டார்கள் என்று அன்று எங்கள் வீட்டில் தீர்ப்பாகியது. அவ்வளவு அவசரப்பட்டு ஃபவுல் செய்த அகஸ்டினையும் நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பதிவில் இருப்பது இதுதான்: முதல் பாதியின் முடிவில் நாங்கள் 40-27 எனப் பின்தங்கியிருந்தோம். அகஸ்டின் ஒன்பது நிமிடமே ஆடி, ஃபவுல் எண்ணிக்கை வரம்பை எட்டி வெளியேற, உள்ளே வட கரோலினாவின் ஷான் மேயைத் தடுக்க ஆளில்லாமல் போயிற்று. அவர் எறிந்த 11-இல் 10-ஐக் கூடையில் போட்டு 26 புள்ளி எடுத்தார். உள்ளே போக முடியாத எங்கள் ஆட்கள் வெளியிலிருந்தே எறிந்தார்கள்: 40 மூன்று புள்ளி முயற்சிகள், உள்ளே விழுந்தவை 12. இருந்தும் 70-70 என்று சமன் செய்தார்கள். அதன்பின் ஒரு புள்ளிகூட வரவில்லை. சமனைக் கொண்டுவரக்கூடிய லூதர் ஹெட்டின் கடைசி நேர எறிதல் வளையத்தில் பட்டுத் திரும்பியது. அது சரியான எறிதல். நன்கு வாய்த்த இடத்திலிருந்து நல்ல கையால் எறியப்பட்டது. நான் நடுவர்களைத் திட்டிக்கொண்டிருந்த காலமெல்லாம் இந்த எறிதலின் அழகைப் பார்க்கத் தவறியிருக்கிறேன். அகஸ்டினுக்கு அன்று வயது 21. என் மகளுக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுக்கும் கல்லூரிப் பெண்ணுக்கும் அதே வயது என்பது நினைவுக்கு வந்தபோது, அந்த இரவில் நான் பேசிய பேச்சுக்குத் தனியாக உட்கார்ந்து வெட்கப்பட்டேன்.

37 வெற்றி, 2 தோல்வி. ஒரு பருவத்தில் 37 வெற்றி என்பது அன்றைக்கு இருந்த சாதனைக்குச் சமம். 2012-இல் கென்டக்கி 38 வென்று அதைக் கடந்தது.

அதன்பின் என்ன நடந்தது என்பதை விரிவாகச் சொல்ல எனக்கு ஆசையில்லை. டீ பிரவுனும் அகஸ்டினும் இன்னொரு ஆண்டு இருந்தார்கள்; 2007-08 பருவம் 16 வெற்றி 19 தோல்வியில் முடிந்தது; 2012-இல் வெபரைப் பணிநீக்கம் செய்தார்கள். அந்த ஆண்டுகளில் நான் ஒரு மோசமான ரசிகனாக இருந்தேன். புதிதாக வந்த ஒவ்வொரு பாயின்ட் கார்டையும் டெரன் வில்லியம்ஸ் என்ற அளவுகோலால் அளந்தேன்; ஒவ்வொரு தவறான பாஸுக்கும் "2005-இல் இப்படி நடக்குமா" என்றேன். வெபர் கறுப்பு உடையில் வந்து புதைக்க முயன்ற அதே நோய்தான் எனக்கும் பிடித்திருந்தது என்பது அப்போது உறைக்கவில்லை.

அந்த ஒப்பீடு ஆட்ட அறிவின்படியும் தவறு. 2005-இல் மூன்று புள்ளிக் கோடு 19 அடி 9 அங்குலத்தில் இருந்தது. 2008-09 முதல் அது ஓரடி பின்னால் போயிற்று, 2019-20 முதல் 22 அடிக்கும் சற்று அதிகம். அன்று ஒரு தாக்குதலுக்கு 35 நொடி. 2015-16 முதல் 30 நொடி. பொறுமையாக இன்னும் ஒரு பாஸ், இன்னும் ஒரு பாஸ் என்று தேடுவதற்கு அந்த ஐந்து நொடி எவ்வளவு முக்கியம் என்பது, அந்தக் கால ஆட்டத்தைக் கையில் கடிகாரத்துடன் பார்த்தால் புரியும். எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் ஆட்டக்காரர்கள் தங்கும் காலம். அந்த ஐவரில் மூவர் மூன்றாம் ஆண்டு மாணவர்கள், இருவர் இறுதியாண்டு. மூன்று குளிர்காலம் ஒன்றாக ஆடியதால்தான் ஒருவர் திரும்பிப் பார்க்காமலே மற்றவருக்குப் பந்து கொடுக்க முடிந்தது. இன்று மாணவர்கள் எளிதாகக் கல்லூரி மாறலாம். 2021 ஜூலை முதல் தங்கள் பெயரையும் புகழையும் வைத்துப் பணமும் ஈட்டலாம். இது நியாயமான மாற்றம் என்பதே என் எண்ணம், ஏனெனில் டீ பிரவுனின் எண் பொறித்த ஆரஞ்சுச் சட்டைகள் ஊர் முழுவதும் விற்றபோது அவருக்கு அதில் ஒரு சென்ட்கூடப் போகவில்லை. ஆனால் அதே மாற்றத்துக்குப் பிறகு, பல ஆண்டு சேர்ந்து வளர்ந்த ஐவரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். 2024-இல் எட்டு அணிகள் எஞ்சிய சுற்றுவரை சென்ற அணியை அதன் போக்கிலேயே ரசிக்க முடிந்தது, இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்த பிறகுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஆண்டுகளில் இடைவேளையின்போது சீஃப் இல்லினிவெக் என்ற பெயரில் ஒரு மாணவர் அமெரிக்கத் தொல்குடித் தலைவரின் உடையணிந்து ஆடுவார். அரங்கமே எழுந்து நிற்கும். அயோவா ஆட்டத்தன்று நானும் எழுந்து நின்று கைதட்டினேன். தொல்குடி மாணவர்கள் அதைத் தங்களுக்கு நேரும் இழிவாகக் கருதி ஆண்டுக்கணக்காகப் போராடிவந்தார்கள். 2007 பிப்ரவரியில் அந்த ஆட்டம் நிறுத்தப்பட்டது. எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே அதைப் பற்றிய துண்டறிக்கை ஒட்டியிருந்தது, நான் படித்ததில்லை. என் பொற்காலத்தில் என்னோடு அதே வளாகத்தில் இருந்தவர்களில் சிலருக்கு அந்த இடைவேளை எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் அந்த இரவைப் பற்றி இனி என்னால் பேச முடிவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு அங்கே போனேன். 2013 முதல் அரங்குக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பெயர். உள்ளே புதுப்பித்து இருக்கைகளைக் குறைத்திருக்கிறார்கள். அன்று உட்கார்ந்த இடத்தைத் தேடி மேலேறி, எது என்று தெரியாமல் பத்து நிமிடம் அலைந்து, ஆட்டத்தின் தொடக்கத்தைத் தவறவிட்டேன். கீழே என் மகள் "ஐ-என்-ஐ" என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே கத்திக்கொண்டிருந்தாள். பழைய அரங்குக்குப் போகிறவர்கள் பழைய இருக்கையைத் தேடாமல் நேரே ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்துவிடுவது நல்லது.

இந்த மார்ச்சில் மகள் அரிசோனா ஆட்டத்தை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்றாள். அவளுக்கு வயது பதினான்கு, பள்ளி அணியில் ஆடுகிறாள். துணிக் கதையை நூறு முறை கேட்டவள். முதல் பாதி முழுவதும் அரிசோனாவின் சானிங் ஃபிரை எவ்வளவு நன்றாக ஆடுகிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அவரைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை என்று குறைப்பட்டாள். 75-60 என்று வந்தது. கடிகாரம் நான்கு நிமிடம் நான்கு நொடியைத் தொட்டதும் படத்தை நிறுத்தினாள். உள்ளே போய் அழுக்குத் துணிக் கூடையை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள்.

"அப்பா, நீங்க இப்போ கீழே போகணும்."

"போம்மா, நான் பார்க்கணும்."

"அன்னைக்குப் பார்க்கலைல்ல? அப்போ இன்னைக்கும் கிடையாது. சமமானதும் கூப்பிடறேன்."

கூடையை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினேன். துணியைப் போட்டு, பொத்தானை அழுத்திவிட்டு, இயந்திரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். சிறிது நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மேலே தரை ஒருமுறை அதிர்ந்தது. இரண்டாம் முறை அதிர்ந்தபோது நான் படிக்கட்டின் பாதிவரை வந்துவிட்டிருந்தேன். அவள் இன்னும் கூப்பிடவில்லை என்பதால் அங்கேயே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன்.